பள்ளத்தில் தண்ணி வரும் ராத்திரி

என் அம்மாவின் சீர்வரிசைத் தட்டு ஒன்று நாலு வருடமாக எங்கள் ஊர்க் குளத்தில் முங்கி எழுந்துகொண்டிருக்கிறது. எவர்சில்வர் தட்டு. பின்பக்கம் அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். முன்பக்கத்தை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி பெயிண்ட் அடித்தேன். நடுவில் ஓட்டை போட்டு நைலான் கயிறு கோத்தேன். அடியில் லேத் பட்டறையில் வாங்கிய வாஷர்களைக் கனத்துக்குக் கட்டினேன். அம்மாவுக்கு விஷயம் தெரிவதற்குள் தட்டு மூன்று தடவை குளத்துக்குப் போய் வந்துவிட்டது. "சோறு போடற தட்டுல ஓட்டையப் போட்டு வெச்சிருக்கியே அம்மிணி, இதுக்குத்தான் உன்னைய அவ்வளவு படிக்க வெச்சமா?" என்றார்.

இதற்கு செக்கித் தட்டு என்று பெயர். 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞரும்கூட, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் தட்டை இறக்கிப் பார்த்தார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. பேட்டரி வேண்டாம், கெமிக்கல் வேண்டாம். உச்சி வெயில் நேரத்தில், பரிசலின் நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். கூலிங்கிளாஸ் போடக் கூடாது. அவ்வளவுதான் விதி.

முதல் நாள் எங்கள் குளத்தில் தட்டு ஒரு சாண் ஆழம்கூடப் போகவில்லை, காணாமல் போய்விட்டது.

எங்கள் குளம் அவிநாசிக்குக் கிழக்கே இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், படித்து முடித்தால் காரணம் புரியும். குளம் நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து நல்லாற்றில் சேரும். நல்லாறு திருப்பூருக்கு வடகிழக்கே நஞ்சராயன் குளத்துக்குப் போகும், அங்கிருந்து நொய்யல். ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். குளத்தில் மிஞ்சிய தண்ணீர் வழியும் இடத்துக்கும் கலங்கல் என்றுதான் பெயர், சேறு கலந்த தண்ணீருக்கும் கலங்கல் என்றுதான் பெயர். "கலங்கல்ல கலங்கலாப் போகுது" என்று எங்கள் பெரியப்பா சொன்னால் ஊரில் யாருக்கும் குழப்பம் வராது.

நான் திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று நிலைமை மாறியதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பொழுது விடிந்தால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு), பிஹெச் (அமிலமா காரமா), சிஓடி (கழிவு எவ்வளவு). உள்ளே வரும் தண்ணீரைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ஷிப்ட் மாறும்போது ஒரு தடவை என்று பார்ப்போம். தொட்டியில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம். சம்பளத்துக்காக அதைத் தினமும் செய்கிறவள், சொந்த ஊர்க் குளத்துக்கு வந்ததும் அதை மறந்துபோனேன். இரண்டு வருடம் தொட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தமாக மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பள்ளத்திலும் பாட்டிலில் பிடித்தேன். எங்கள் பக்கம் ஓடை என்று யாரும் சொல்வதில்லை, பள்ளம்தான். நான் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைகளில். அம்மா வீட்டுக்குப் போகும் நாள் அதுதான். சாப்பாடு முடிந்து, வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் பாலத்தடியில் இறங்குவேன். பள்ளம் முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும், ஆடு மேயும். ஊர்ச் சாக்கடை ஒரு நூல்போல ஓடும். அதைப் பிடித்து, வடிகட்டி, காயவைத்து எடை போட்டால் லிட்டருக்கு இருபது மில்லிகிராம் மண் வரும். பரவாயில்லையே என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். பள்ளத்துத் தண்ணீர் இவ்வளவு நல்லதாக இருந்தால் குளம் ஏன் செம்பருத்திச் சாறுபோல இருக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு தீபாவளி. வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்கு வாழ்வு. வருடம் முழுவதும் பெய்வதைக் கூட்டினால் எழுநூறு மில்லிமீட்டர் எட்டினாலே நல்ல வருடம் என்போம். அந்த மழை நாள்தோறும் தூறிக்கொண்டிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து ராத்திரி கொட்டிவிட்டுப் போய்விடும். அன்றைக்கு அப்படி ஒரு ராத்திரி. பட்டாசெல்லாம் நனைந்து, கரண்ட் போய், ஒரு மணி வாக்கில் தெருவில் பெரியப்பா சத்தம் போட்டார்: "பள்ளத்துல தண்ணி வந்துருச்சு!"

நானும் என் வீட்டுக்காரரும் டார்ச்சோடு பாலத்துக்கு ஓடினோம். நான் ஞாயிற்றுக்கிழமை இறங்கி நின்ற இடத்தில் ஆள் முங்கும் ஆழம். செம்மண் குழம்பு, நுரை, செருப்பு, வாழைத்தண்டு. சத்தம் வேறு. பாலத்தின் மேல் நின்றபடி கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி மொண்டோம். ஓட்டம் எவ்வளவு என்று பார்க்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு: பத்து மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, எத்தனை நொடியில் கடக்கிறது என்று எண்ணுவது. மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் வந்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்வார்கள். பிறகு அகலம், ஆழம். இருட்டில் எலுமிச்சம்பழம் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்காரர் தெர்மாகோலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் கணக்குப் போட்டேன். கணக்கு சுலபம்தான், அதைத்தான் இங்கே எழுத ஆசை. ஒரு லிட்டரில் இரண்டு கிராம் மண். நொடிக்குக் குறைந்தது ஆயிரம் லிட்டர் ஓடியது. அப்படியென்றால் நொடிக்கு இரண்டு கிலோ, ஒரு மணி நேரத்தில் 7,200 கிலோ. இப்போது என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: லிட்டருக்கு இருபது மில்லிகிராம், நொடிக்கு ஐந்து லிட்டர், மணிக்கு 360 கிராம், வாரம் முழுவதும் அப்படியே ஓடினாலும் அறுபது கிலோ. இரண்டு வருடத்துக்கு 6,240 கிலோ. நோட்டுப் போட்டு, தேதி போட்டு, இரண்டு வருடம் நான் பார்த்துவந்ததைவிட அதிகமான மண்ணை அந்த ராத்திரியின் ஒரே ஒரு மணி நேரம் குளத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. அது ஐந்து மணி நேரம் ஓடியது.

வந்த மண் எல்லாம் ஒன்றில்லை என்பது அடுத்த விஷயம். மணல் வந்தால் பயமில்லை. ஒரு மீட்டர் தண்ணீரில் நைஸ் மணல் இரண்டு நிமிடத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். துகளின் குறுக்களவு பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசியாகிறது. இரண்டு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) களித்துகள் அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் எடுக்கும், அதுவும் காற்றில்லாமல், எருமை இறங்காமல் இருந்தால். ஒரு மைக்ரான் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வாரம். எங்கள் குளத்தில் காற்று அடிக்காத நாள் ஏது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் வீட்டுத் தகரத்தையே தூக்குகிறது.

அமெரிக்காவில் தாஹோ என்று ஒரு ஏரி. கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவில், ஐந்நூறு மீட்டர் ஆழம். 1968-ல் அங்கே செக்கித் தட்டு வருடச் சராசரியாக 31 மீட்டர் வரை தெரிந்தது. தென்னை மர உயரத்தைவிட அதிகம். பிறகு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. அங்கே விஞ்ஞானிகள் ஏரியில் தட்டை இறக்குவதோடு நிற்கவில்லை. ஏரியில் வந்து விழும் 63 ஓடைகளில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டு, பனி உருகும் காலத்திலும் புயல்மழையிலும் நின்று, ஓட்டத்தையும் மண்ணையும் நைட்ரஜன், பாஸ்பரஸையும் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். தெளிவைக் கெடுப்பதில் பெரிய பங்கு 16 மைக்ரானுக்குக் கீழான நைஸ் மண்ணுக்கு, அதிலும் பெரும்பகுதி வீடும் ரோடும் இருக்கும் பகுதிகளிலிருந்து வருகிறது என்று தெரிந்தது அப்படித்தான். எங்கள் ஒரு சாண் குளத்தையும் அந்த ஏரியையும் பக்கத்தில் வைப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் நைஸ் மண்ணுக்கு ஊர் தெரியாது.

சரி, மண் எங்கிருந்து வருகிறது?

ஊரில் கேட்டால் ஒரே பதில்: சாயப்பட்டறை. எங்கள் பக்கம் தண்ணீர் கெட்டால் முதலில் கை நீளுவது அந்தப் பக்கம்தான். அந்தப் பழியில் நியாயமும் உண்டு. பாசனத்துக்கு என்று நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கடைசியில் சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக ஆன கதை கொங்கு நாட்டில் குழந்தைக்கும் தெரியும். தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள் திறந்துவிடாதீர்கள் என்று கேட்ட அணை அது. ஆனால் எங்கள் பள்ளத்துக்கு மேலே சாயப்பட்டறை ஒன்றுகூட இல்லை.

கார்த்திகை மழைக்குக் காத்திருந்தேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு அக்ரிலிக் குழாய் வாங்கி, அடியை அடைத்து, தண்ணீரை வெளியே விட ஒரு சின்னத் திருகு வைத்து, அடியில் கறுப்பு வெள்ளை வில்லை ஒன்றை ஒட்டினேன். தண்ணீரை ஊற்றி, மேலிருந்து பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, வில்லை எப்போது தெரிகிறதோ அப்போது அளவெடுப்பது. பள்ளத்தில் செக்கித் தட்டு உதவாது, இது உதவும். குளத்திலிருந்து மேலே நாலு கிலோமீட்டர். வழியில் மூன்று சின்னப் பள்ளங்கள் வந்து சேருகின்றன. ஒவ்வொரு சேர்மானத்துக்கும் மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில். எங்கே குழாய் திடீரென்று சிவக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கிணற்று மோட்டாரில் எங்கே வயர் அறுந்திருக்கிறது என்று பாதி பாதியாகப் பார்ப்பார்களே, அதே வேலைதான்.

சிவப்பு இரண்டாவது சேர்மானத்தில் இடது பக்கமிருந்து வந்தது. மேலே ஏறிப் பார்த்தால் வீட்டுமனை. பழைய சோளக்காட்டை ஜேசிபி விட்டு ஆவணி மாதமே நிரவி, வரப்பையெல்லாம் எடுத்து, சைட் கல் நட்டு வைத்திருந்தார்கள். ஒரு புல் கிடையாது. மழைக்கு இரண்டு மாதம் முன்னால் செம்மண்ணைத் திறந்து போட்டால் அது எங்கே போகும்? வரப்பு இருந்தவரை அந்தத் தண்ணீர் காட்டிலேயே நின்றிருக்கும். யாரைத் திட்டுவது என்று பார்த்தால், அங்கே நாலு சென்ட் என் தம்பி வாங்கியிருந்தான்.

மூன்றாவது சேர்மானத்தில் மண் அதிகமில்லை. ஆனால் லேபில் பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் உரச்சத்து, பார்த்தபோது நீலம் அடர்த்தியாக ஏறியது. நீலம் கூடினால் சத்து கூட என்று அர்த்தம். அந்தப் பக்கம் பெரியப்பாவின் மஞ்சள் காடு. கோழிப்பண்ணையிலிருந்து லாரி லாரியாக எரு வாங்கிப் பள்ளத்துக் கரையிலேயே குவித்து வைத்திருந்தார். லாரி திரும்ப அங்கேதான் இடமாம்.

"பெரியப்பா, எரு பள்ளத்துல போகுதுங்க."

"எரு போனா என்ன, நல்லதுதானே? குளத்துல மீனு கொழுக்கும்."

அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. பாஸ்பரஸ் ஒரு கிராம் போனால் காய்ந்த எடையில் நூறு கிராம் பாசி விளையும் என்று சொன்னேன். "விளையட்டும், உனக்கு விளையறதுல என்ன வருத்தம்?" என்றார். விவசாயியிடம் விளைச்சலைக் குறை சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டேன்.

பதில் குளமே சொன்னது, ஆனால் குழப்பமாகச் சொன்னது. 2024 ஆகஸ்டில் எங்கள் பக்கம் இரண்டு நல்ல சேதி மூன்று நாள் இடைவெளியில் வந்தன. நஞ்சராயன் குளத்தை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து வருடத்துக்கு 1.5 டிஎம்சி தண்ணீரை இறைத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டம். மூன்று தலைமுறை கேட்ட திட்டம். எங்கள் குளத்திலும் குழாயில் தண்ணீர் விழுந்தபோது ஊரே கரையில் நின்றது, என் அம்மா மஞ்சள் குங்குமம் போட்டார். நான் தட்டை இறக்கினேன். இரண்டு முழம் தெரிந்தது! பரிசல்காரருக்கு வாயெல்லாம் பல்.

சித்திரை வந்தபோது குளம் பச்சை. பாயசம்போல. முன்பெல்லாம் செம்மண் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது, அதனால் கீழே கிடந்த எருச்சத்து சும்மா கிடந்தது. தண்ணீர் தெளிந்ததும் வெயில் உள்ளே இறங்கியது. பாசிக்கு வேறென்ன வேண்டும்? பகலில் பாசி மூச்சுக்காற்றைக் கொடுக்கும், ராத்திரியில் அதுவே எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் ஜிலேபிக் கெண்டைகள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. பெரியப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து எருக்குவியல் பள்ளத்தைவிட்டு மேட்டுக்கு நகர்ந்திருந்தது. லாரி மேலேயே திரும்ப வழி பண்ணிவிட்டதாகச் சொன்னார். மீனைப் பற்றி இன்றுவரை அவர் பேச்சே எடுத்ததில்லை.

தெளிவு பொய் சொல்லும் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஒரு கோடையில், மழையும் இல்லாமல் குழாயும் இல்லாமல் குளம் ஒரு மூலைக்குச் சுருங்கிக் கிடந்தபோது, தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மீட்டரை நனைத்தால் டிடிஎஸ் நாலாயிரத்தைத் தாண்டியது. குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தரம். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு இறுகியிருக்கிறது. உப்பு ஏறினால் களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பதை விட்டு, ஒட்டிக்கொண்டு திரளாகி இறங்கிவிடும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சேறு படிவதில் இதற்கும் பங்குண்டு. லேபில் படிகாரம் போட்டு நாங்கள் செய்வதும், எங்கள் ஆத்தா தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரசித் தண்ணீரைத் தெளிய வைத்ததும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். ஒரத்துப்பாளையம் ஞாபகம் வந்தது. உப்புக்கு நிறம் கிடையாது. அம்மாவின் தட்டு அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆக, தட்டும் வேண்டும், மீட்டரும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் மழை ராத்திரி பள்ளத்தில் ஆள் வேண்டும். நானோ திருப்பூரில் இருக்கிறேன். எனக்குப் பதில் பாட்டிலை நிறுத்தினேன். பாலத்தின் பக்கத்தில் ஒரு பனைவாரை நட்டு, ஒரு முழத்துக்கு ஒன்று வீதம் நாலு கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் இரண்டு குழாய், சலைன் டியூபை வெட்டி வளைத்தது. ஒன்றில் தண்ணீர் நுழையும், ஒன்றில் காற்று வெளியேறும். வெள்ளம் ஏற ஏற அந்தந்த உயரத்துத் தண்ணீர் அந்தந்த பாட்டிலில் நிரம்பிக்கொள்ளும். முதல் தண்ணீரில்தான் அழுக்கு அதிகம், அது அடிபாட்டிலில் மாட்டும். மழை ராத்திரியில் யாரும் போக முடியாத இடங்களில் இதைத்தான் வைப்பார்கள்.

ஊர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. கம்பம், அதில் சிவப்புக் கயிற்றில் பாட்டில்கள், பாட்டிலில் குழாய், இடம் பள்ளத்துச் சந்தி. செய்வினை என்று மூன்றே நாளில் முடிவாகிவிட்டது. நாலையும் உடைத்து எறிந்திருந்தார்கள். அடுத்த தடவை கயிற்றைப் பச்சையாக மாற்றினேன், தகரத்தில் "தண்ணீர் சோதனை, தொட வேண்டாம்" என்று எழுதி மாட்டினேன், மாரியம்மன் நோம்பிக் கூட்டத்தில் நின்று எல்லோருக்கும் விளக்கினேன். அப்புறம் யாரும் உடைக்கவில்லை. மேல் பாட்டிலின் மூடி மட்டும் அடிக்கடி காணாமல் போகும். அது ஆடு மேய்க்கும் பையன் வேலை, எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பெரியப்பா போன் பண்ணினார். மணி பத்தரை இருக்கும்.

"அம்மிணி, பள்ளத்துல தண்ணி வந்துருச்சு. உன் பாட்டிலு மூணு முங்கிருச்சு. நான் வேற ஒரு சோடா பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்கேன்."

"எங்கீங்க பெரியப்பா?"

"என்ற காட்டுக்கு மேலதான். என்ற எருவச் சொன்னியே, மேல சைட்டுக்காரன் உட்ட தண்ணி எப்படி வருதுன்னு நீயே வந்து பாரு. என்ற காட்டுக்குக் கீழயும் ஒண்ணு புடிச்சிருக்கேன். ரெண்டையும் வெச்சுப் பாரு."

சேர்மானங்களில் நான் செய்ததுபோலவே மேலே ஒன்று, கீழே ஒன்று. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கோபம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். நேரம் இல்லாமல் பாட்டிலுக்கு மதிப்பில்லை.

"மணியெல்லாம் ஆரு பாத்தா? சீரியல் முடிஞ்சு டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போனேன்."

ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு சோடா பாட்டிலையும் வாங்கி வந்தேன். அம்மாவிடம் கேட்டு அது எந்தச் சீரியல் என்று உறுதி செய்துகொண்டு, லேபிளில் ஒன்பதரை என்று எழுதினேன்.